அடியில் நின்றால் கேட்காது

மருமகனை வீட்டை விட்டுப் போகச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று மங்கையற்கரசிக்குத் தெரியவில்லை.

தில்லைத்துறையில் அவள் வாய்க்குத் தப்பியவர் இல்லை. மீன்காரனை ஏசுவாள். கிராம சேவகரை ஏசுவாள். கூரையில் உட்காரும் காகத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ஏசுவாள். அப்படிப்பட்ட வாய் சதீசனுக்கு முன்னால் மட்டும் "சாப்பிட்டீங்களா மருமகன்" என்பதோடு நின்றுவிடும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஊர். அங்கே வீடு பெண்ணுக்கு. ஆண் கல்யாணம் கட்டி வந்து அதில் இருப்பான். மூத்தவள் அஜந்தாவுக்கு வாவிக்கரை வளவில் கல்வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவள் கஜானிக்குக் கடற்கரைக் காணியில் அத்திவாரம் போட்டிருந்தது. சுனாமியாய்க் கடல் வந்த அன்று அத்திவாரத்தையும் கொண்டுபோனது, காலையில் அந்தப் பக்கம் போயிருந்த அஜந்தாவையும் கொண்டுபோனது. பிறகு கரையில் கட்டக் கூடாதென்று சட்டமும் வந்தது. வாவிப் பக்கத்துக் கல்வீட்டில் ஒரு ஓடுகூட அசையவில்லை. அதற்குள் அஜந்தாவின் புருஷன் சதீசன் இருந்தான். நாலரை வருடமாகத் தனியாக இருக்கிறான். பிள்ளை இல்லை. தாயும் இளையவளும் அதே வளவில், சமைக்கிற குசினியோடு ஒட்டிய சின்ன வீட்டில் இருந்தார்கள்.

சதீசன் கம்பஸில் பௌதிகம் படித்தவன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். அவன் பேசுவது அங்கேதான். மணி அடித்ததும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து வாயையும் பூட்டிவிட்டு வருவான். போட்டதைச் சாப்பிடுவான். கறியில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிடுவான். ஒரு நாள் மங்கையற்கரசி வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தாள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

சித்திரையில் கஜானிக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் கிரான். பேச வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் கதிர்காமத்தம்பி. வயல்வட்டையில் காணி உள்ளவர், பெரிய மூக்கு, குறைந்த பேச்சு. பெண்ணைப் பார்த்தார், பிடித்தது. மங்கையற்கரசி போட்ட தேத்தண்ணியைக் குடித்தார், அதுவும் பிடித்தது.

"வீடு எது?" என்று கேட்டார்.

"இந்தா நிக்கிற வீடுதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். கொடியில் சதீசன் உடுக்கிற சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"அதுக்குள்ள ஆள் இருக்கே."

மங்கையற்கரசி காகத்தைத் துரத்த எழுந்தாள். காகம் அன்று வரவே இல்லை.

"குளுத்திக்கு நான் கோயிலுக்கு வருவன். அப்ப ஒரு முடிவைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதிர்காமத்தம்பி போனார். வருடத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் அம்மன் கோயில் திறக்கும். அந்தச் சடங்கின் கடைசி நாள் குளுத்தி. அதுவரைக்கும் தவணை.

அடுத்த கிழமை சதீசன் வளவின் மூலையில் கிடந்த பழைய மாட்டுக் கொட்டிலுக்குப் புதுக் கிடுகு போட்டுக் கூரை மேய்ந்தான். மாடு இல்லாத வீட்டில் இது என்னத்துக்கு என்று மங்கையற்கரசி யோசித்தாள். வாத்தியாருக்கு லீவு, பொழுது போகவில்லை என்று விட்டுவிட்டாள்.

வைகாசியில்தான் றமீஸா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். ஏறாவூரிலிருந்து சீத்தைத் துணி கொண்டுவந்து வீடு வீடாக விற்பவள். துணியை விரிக்கும் முன்னம் ஊர்க்கதையை விரிப்பாள்.

"அக்கா, உங்கட மருமகன் ஆளைப் பாத்தா பூனை மாதிரி. அவருக்கு லைன் ஒண்டு இருக்காமே?"

"என்ன கா சொல்லுறாய்?"

"அல்லாஹ் அறிய! எங்கட ஹமீட் நானாட றேடியோக் கடையில நிண்டு கதைச்சாரு. என்ட காதால கேட்டன். 'லைன் ஒண்டு செட் பண்ணுறன் நானா, குளுத்திக்கு முன்னம் சரிவந்திடும்' எண்டாரு. நானா சிரிக்காரு. இவரு சிரிக்கல்ல."

"அவர் எங்க சிரிப்பார்." மங்கையற்கரசி துணியைத் தடவினாள். "வேற என்ன சொன்னார்?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணுமாம். வேற மாதிரி ஒண்டு வந்தா ஒத்துவராதாம்."

மங்கையற்கரசியின் கை துணியிலேயே நின்றது. என் மூத்தவளைப் போல வேண்டும் என்கிறான். அப்படி ஒருத்திக்கு எங்கே போவான்? பிறகு மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. அவன் வேறு பெண்ணைக் கட்டினால் அவள் வீட்டுக்குப் போவான். கல்வீடு காலியாகும். யாரும் யாரையும் போ என்று சொல்லத் தேவையில்லை.

அன்று றமீஸாவிடம் பேரம் பேசாமலே துணி வாங்கினாள். றமீஸா பயந்துபோய் முழத்துக்கு மேலே ஒரு சாண் கூடக் கிழித்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. சதீசன் பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். நாலரை வருடமாக ஒரு வீட்டு வாசல் கடப்படியிலும் நிற்காதவன், குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டிலும் நின்றான், கைம்பெண் இருக்கிற வீட்டிலும் நின்றான். போகிற இடமெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார்கள். "வாத்தியார் இப்ப சிரிச்ச முகமா இருக்கார்" என்றார்கள். சிரிப்பைக் கண்டதாகச் சொன்னவர்கள் எல்லாம் மகள் உள்ளவர்கள். வரும்போது சைக்கிள் கரியரில் ஏதோ பொட்டலம் இருக்கும். பலகாரம் கட்டிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டதா என்று மங்கையற்கரசி வியந்தாள்.

ஒரு நாள் சோறு போடும்போது மெல்லத் தொட்டாள்.

"மருமகன், போன காரியம் எப்படி?"

அவன் நிமிர்ந்தான். யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று இருந்தவன் போல.

"பதினஞ்சு சரி மாமி. இன்னும் ஒண்டுதான் வேணும்."

"பதினஞ்சு பாத்தாச்சா?"

"இருபதுக்கு மேல பாத்தன். சரியானது பதினஞ்சு."

"மற்றதுகளுக்கு என்ன குறை?"

"சிலது உப்புக் காத்துப் பட்டு ஊதிப்போச்சு. ரெண்டு மூண்டுக்கு வாய் கிழிஞ்சு கிடக்கு."

"வாய் கிழிஞ்சது வேணாம் மருமகன்" என்றாள் மங்கையற்கரசி உறுதியாக. "வீட்டில ஒரு வாய்க்காரி இருந்தாப் போதும்."

"ஓம் மாமி. ஆனா ஒட்டிப் பாக்கலாம். பசை போட்டா நிக்கும்."

கஜானி குசினிக்குள் ஓடிப்போனாள். உள்ளேயிருந்து பானை மூடி விழுந்த சத்தம் கேட்டது. அவளுக்குக் கதை முன்னமே தெரியும். தாயிடம் சொல்லவில்லை. இப்படி ஒரு கூத்துத் தினமும் கிடைக்காது.

"அந்தப் பதினஞ்சையும் எங்க வச்சிருக்கீங்க?" என்றாள் மங்கையற்கரசி கடைசியில்.

"கொட்டிலுக்குள்ள. வாங்க, காட்டுறன்."

கொட்டிலுக்குள் ஒரு மரப்பெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. ஆளை விட உயரம். அகலம் ஒரு சாண். தற்காலிகக் கொட்டகைகளைப் பிரித்தபோது மிஞ்சிய பிளைவுட்டில் செய்தது; ஒரு பக்கத்தில் நிவாரண நிறுவனத்தின் நீல முத்திரை பாதி தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் வட்ட வட்டமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் சிரட்டை அளவு ஸ்பீக்கர் ஒன்று. கீழே ஒரு ஓட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. மூலையில் ஆரஞ்சு நிற றேடியோக்களின் கோதுகள் குவிந்து கிடந்தன.

கடல் வந்த பிறகு ஏதோ ஒரு நிறுவனம் வீட்டுக்கொன்றாகக் கொடுத்த றேடியோ அது. கைப்பிடியைச் சுற்றினால் பாடும். இரண்டு வருடத்தில் எல்லா வீட்டிலும் கைப்பிடி உடைந்தது. ஸ்பீக்கர் உடையவில்லை.

"இது என்ன, இராட்சதனுக்குப் புல்லாங்குழலா?"

"லைன் அரே மாமி. ஒரு வரிசையில அடுக்கிற ஸ்பீக்கர். எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஒத்துப் பாடும். கடையில வாங்கக் கட்டாது. நம்மட ஊரிலதான் வீட்டுக்கு ஒண்டு ஒரே மாதிரிக் கிடக்கே."

மங்கையற்கரசி அங்கே கிடந்த உரலில் உட்கார்ந்தாள்.

"இதுதானா உங்கட லைன்?"

"ஓம். ஏன் மாமி?"

"ஒண்டுமில்ல. அழகா இருக்கு. கொஞ்சம் ஒல்லி."

அவன் விளக்கத் தொடங்கினான். பதினாறையும் நாலு நாலாகத் தொடுத்து, அந்த நாலு தொடுப்பையும் ஒன்றாகக் கட்டினால் ஹமீட் கடைப் பழைய அம்ப்ளிஃபயருக்குத் தாங்கும் என்றான். குழாய் ஸ்பீக்கர் ஒன்றே நின்று கத்தும், கிட்ட இருப்பவன் காது கிழியும், தூர இருப்பவனுக்குச் சொல் புரியாது. இது அப்படியில்லை. பதினாறும் மெதுவாகக் கதைக்கும். சேர்ந்து நேரே போகும், அகலமாகப் போகும். மேலேயும் கீழேயும் சிந்தாது.

"ஆனா அடியில நிண்டாக் கேக்காது மாமி. தள்ளி நிக்கணும். மற்றது, பறைச் சத்தம் இதில வராது. பாட்டு வரும்."

நாலரை வருடத்தில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அதில் பாதி விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டுக்கொண்டிருக்க நன்றாக இருந்தது.

"பக்கத்தில நிக்கிறவளுக்குக் கேக்காத பொட்டி என்ன பொட்டி?" என்றாள். "இதைச் செய்யச் சொல்லி இப்ப ஆர் கேட்டது?"

"வண்ணக்கர்."

வண்ணக்கர் என்றால் கோயிலுக்குப் பொறுப்பான விநாயகமூர்த்தி. அதே வைகாசித் தொடக்கத்தில், போர் முடிந்தது என்று சந்திக்குச் சந்தி குழாய் கட்டிச் சொன்னார்கள். பாட்டும் போட்டார்கள். தில்லைத்துறை கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது. அதன்பிறகுதான் வண்ணக்கர் இந்த வருடம் கோயிலில் குழாய் வேண்டாம் என்றார்.

மங்கையற்கரசிக்குக் காரணம் கேட்கத் தேவைப்படவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு காலை, ஜீப்பில் கட்டிய குழாய் ஆண்களையெல்லாம் மைதானத்துக்கு வரச் சொன்னது. அவள் புருஷன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, வருகிறேன் என்று போனார். வரவில்லை. அந்த மாதிரிக் குழாய் அம்மன் பாட்டைப் பாடினாலும் அவளுக்கு அந்த ஜீப்தான் கேட்கும். வருடா வருடம் குளுத்தி அன்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போவாள். பஞ்சு வைப்பது சதீசனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் வெறும் ஓட்டையைப் பார்த்தாள்.

"பதினாறாவது எங்க?"

அவன் கீழே பார்த்தான். ஊரில் பாடுகிற ஆரஞ்சு றேடியோ ஒன்றுதான் மிச்சம். அது அவளுடைய குசினிச் சன்னலில் இருந்தது. உடைந்த கைப்பிடியைத் துணியால் கட்டி, பின்னேரச் செய்தி கேட்பாள்.

மறுநாள் காலை றேடியோ கொட்டில் வாசலில் இருந்தது. பக்கத்தில் அவள்.

"இந்தாங்க. காது கேக்காத பொட்டிக்கு என்ட காதையும் வைங்க." பிறகு தாங்காமல் கேட்டாள்: "வீடு வீடாப் போனீங்களே மருமகன், றேடியோவைத் தவிர வேற ஒண்டையும் கண்ணில காணல்லையா?"

"ஒரு வீட்டில நல்ல மின்விசிறி மோட்டர் ஒண்டு கிடந்தது" என்றான் சதீசன்.

குளுத்தி அன்று பின்னேரம், கோயில் வேம்பில் பெட்டியைக் கட்டினார்கள். சின்னதாய் முன்னால் சாய்த்துக் கட்டினான் சதீசன். வரிசையின் நடு, உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலால் போக வேண்டுமாம். மைக்கை வேம்பின் அடியிலேயே நட்டான். வெளிவீதி முழுக்கச் சனம் பாய் விரித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பாய்கள் வாவிக் கரையில் இருந்தன. அங்கே, எல்லாருக்கும் பின்னால், வேட்டி மடிப்பு குலையாமல் கதிர்காமத்தம்பி இருந்தார். முடிவு கேட்க வந்திருந்தார்.

"மாமி, நான் கரைக்குப் போறன். மைக்குக்கு முன்னால என்னத்தையாவது சொல்லுங்க. கேக்குதா எண்டு பாக்கணும்."

மங்கையற்கரசி மைக்கைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ஹலோ. ஹலோ. கேக்குதா?"

ஒன்றும் கேட்கவில்லை. தட்டிப் பார்த்தாள். தலைக்கு மேலே பெட்டி சும்மா தொங்கியது. தூரத்தில் சதீசன் கையை உயர்த்தி ஆட்டினான். வெறுங்கண்ணுக்கு அவன் நாயைத் துரத்துவது போல இருந்தது.

"செத்த பொட்டி" என்று முடிவு கட்டினாள். "பாவம், இவ்வளவு பாடுபட்டும்."

குங்குமத் தட்டோடு கஜானி வந்தாள். "அம்மா, அந்த ஆள் வந்திருக்கார். என்ன சொல்லப்போறீங்க?"

"எந்த ஆள்? அந்த மூக்கரா?" மைக்கில் கையை ஊன்றிக்கொண்டாள் மங்கையற்கரசி. "மூக்கா அது? நெல்லு மூட்டை தூக்கிற கொளுக்கி. வீட்டைப் பாத்த பார்வையப் பாத்தியா? மாட்டுக்குப் பல்லுப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி."

"அத்தானை அனுப்பிப்போட்டுத்தான் நான் கட்டணும் எண்டா எனக்கு வேணாம் அம்மா."

"நீ சொல்லுவாய். உனக்கு வீடு வேணும். உன்ட கல்யாணம் நடக்க வேணும். அதுக்கு அவன் போக வேணும். போங்க மருமகன் எண்டு சொல்ல என்ட வாய் வருதா? ஊரையே ஏசுற வாய். அவனுக்குப் போக இடம் எங்க? உன்னிச்சை ஊரில அவன்ட தாய்வீடு தங்கச்சிக்குப் போயிட்டு. லைன் இருக்காம் எண்டு றமீஸா சொன்ன அண்டைக்கு நான் பட்ட சந்தோசம்! மறுகா அவன் பொட்டியைக் காட்டினான். பொம்பிளை இல்ல, பொட்டி எண்டு தெரிஞ்சதும் அதைவிடச் சந்தோசம். அது ஏன் எண்டுதான் எனக்கு விளங்கல்ல."

கஜானி தாயின் தோளுக்கு மேலால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலைல அந்த வீட்டுக் கதவு கிறீச் எண்டு திறக்குமே. ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தத்துக்கு நான் மூத்தவள்தான் எழும்பி வாறாள் எண்டு நினைக்கிறன். ஒரு கணம்தான். மறுகா அவன் சாரத்தோட வந்து நிப்பான். பரவாயில்ல, அவனாவது வாறானே. அவன் போயிட்டா அந்தக் கதவை ஆர் திறக்கிறது?"

"அம்மா."

"என்ன?"

"திரும்பிப் பாருங்க."

திரும்பினாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் துருவவில்லை. வண்ணக்கர் விளக்குத் திரியோடு அப்படியே நின்றார். பாயில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். வாவியில் ஒரு தோணிக்காரன் துடுப்பைத் தூக்கியபடி நிறுத்தியிருந்தான்; தோணி தன்பாட்டில் மிதந்துகொண்டிருந்தது.

அத்தனை பேருக்கு நடுவாலும் சதீசன் நடந்து வந்தான். வேகமாக வரவில்லை. மைக்கைப் பிடித்திருந்த அவள் கையை மெல்ல எடுத்து, ஒரு பொத்தானை அமர்த்தினான்.

"பொட்டி வேலை செய்யுது மாமி."

மங்கையற்கரசி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஊர் அந்தக் காட்சியைப் பிறகு நெடுநாள் பேசிக்கொண்டது.

"எவ்வளவு... எவ்வளவு தூரம் கேட்டுது?"

"கடைசிப் பாய் மட்டும். ஒரு சொல்லும் சிதறல்ல." அவன் கண் சிவந்திருந்தது. வாய் வேறு ஏதோ செய்யப் பார்த்தது. பழக்கம் விட்டுப்போன வேலை, சரியாக வரவில்லை. சிரிப்பு என்று கஜானிதான் முதலில் கண்டுபிடித்தாள். "அடியில நிண்டாக் கேக்காது எண்டு நான் சொன்னன்தானே?"

"சொன்னீங்கதான். ஆர் உங்கட கதையைக் காதில வாங்கினது!"

"வீடு கஜானிக்குத்தான் மாமி. சித்திரையில சம்பந்தம் பேச வந்தவர் என்ட சாரத்தைப் பாத்ததை நான் சன்னலால கண்டன். அடுத்த கிழமைதானே கொட்டிலை மேய்ஞ்சன்?"

"அது பொட்டி செய்ய எண்டெல்லோ..."

"பொட்டி பிறகு வந்தது. கொட்டில்ல நான் இருக்கட்டா எண்டு உங்களைக் கேக்கத்தான் மேய்ஞ்சன். கேக்க வாய் வரல்ல."

இரண்டு வாயும் பூட்டிக்கிடந்த வளவு. மங்கையற்கரசி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மாட்டுக் கொட்டில்ல இருக்கப்போறியா மனே?" "மருமகன்" என்ற சொல்லும் "நீங்க" என்ற சொல்லும் எங்கேயோ விழுந்து, "மகனே" வந்திருந்தது. "ஆக்கள் என்னை என்ன சொல்லுவாங்க?"

"நீங்க ஆக்களைச் சொல்லுறதை விடவா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கதவைக் கழட்டிக் கொட்டிலுக்குப் போடுறன் மாமி. வீட்டுக்குப் புதுசு செய்வம். பிணைச்சலுக்கு எண்ணெய் விடமாட்டன், கிறீச் எண்டே கிடக்கட்டும்" என்றான்.

அதற்குள் கதிர்காமத்தம்பி வந்து சேர்ந்திருந்தார். மூக்கைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நான் கரையில இருந்தன்" என்றார்.

"கேட்டிருக்காது" என்றாள் மங்கையற்கரசி அவசரமாக. "காத்து எதிர்ப்பக்கம்."

"கொளுக்கி மட்டும்தான் தெளிவாக் கேட்டுது." அவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சதீசனைப் பார்த்தார். "வளவில இன்னொரு ஆம்பிளை இருந்தா எங்கட பொடியனுக்கும் துணைதான். ஆவணியில நாள் பாப்பம். கல்யாணத்துக்கு இந்தப் பொட்டியையே கட்டுங்க."

"கட்டலாம்" என்றான் சதீசன்.

"மைக்கை மட்டும் சம்பந்தியிட்டக் குடுக்க வேணாம்."

வண்ணக்கர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாட்டைத் தொடங்கினார். வேம்பின் அடியில் வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. மங்கையற்கரசி காதுக்குள் விரலை விட்டு, பழக்கத்தில் வைத்திருந்த பஞ்சை எடுத்தாள். ஊர் நின்றதுகூடத் தெரியாமல் அவள் பேசிக்கொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம். பஞ்சை மடியில் முடிந்துகொண்டு, பாய்களுக்கு நடுவால் கரைவரைக்கும் நடந்தாள். இரண்டு பக்கமும் சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டாள். நாளைக்கு ஏச ஆள் தேவை.

கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். பாட்டு பக்கத்திலிருந்து ஒருவர் சொல்வது போல வந்தது. அந்த ஜீப் அதில் கேட்கவில்லை.

"கேக்குதா மாமி?" என்று வேம்படியிலிருந்து சதீசன் கையைக் காட்டினான்.

"ஏன், கேக்காமல் என்ன!" என்று அவள் கத்தினாள். அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை.